ஏரிக்குப் போகிறவன் கத்தி

பழவேற்காட்டுப் பக்கம் எங்கள் குப்பத்தில் ஆம்பளைகள் சட்டையில்லாமல் ஏரிக்குப் போவார்கள், செருப்பில்லாமல் போவார்கள். கத்தியில்லாமல் போனவர்களை நான் பார்த்ததில்லை. அரைஞாண் கயிற்றிலோ, கைலி மடிப்பிலோ, கழுத்தில் தொங்கும் நைலான் கயிற்றிலோ எங்காவது அது இருக்கும். ஒருவரிடம்கூட விலையுயர்ந்த கத்தி இருந்ததில்லை. ஆனால் எது கிடைத்தாலும் வாங்கிவிடுகிறவர்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒரு கத்தியைக் கையில் எடுத்தால் புரட்டிப் புரட்டிப் பார்த்து, நகத்தில் வைத்துப் பார்த்து, பிடியை இறுக்கிப் பார்த்து, பாதிப் பேர் திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள். பொன்னேரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் நான் வேலைக்கு நின்ற வருஷங்களில் இதைக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அதற்கு முன்னால், சின்னப் பையனாக, எங்கள் நைனாவின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்றவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் கத்தியைப் பற்றிச் சொல்ல முடியாது. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்குக் கோடி தமிழ்நாட்டில். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் வந்து சேர்கின்றன. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான், கோல் ஊன்றியே படகு தள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்து தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும். சித்திரை, வைகாசியில் முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் கடலைவிட உப்பு ஏறிவிடும். அந்த மாதங்களில் இரவு படகில் விட்ட கத்தியை விடியற்காலையில் எடுத்தால் அலகு முழுக்கச் செம்மண் பூசியதுபோல் இருக்கும். கடைக்காரர் பெட்டியில் போட்டிருக்கிற உத்தரவாதம் எதுவும் எங்கள் கோடைக்கு முன்னால் நிற்காது.

ஏரியில் கத்திக்கு வேலை ஓயாது. சுத்துவலைக்குக் கழி நட்டு வலை கட்டும்போது கயிறு அறுக்க வேண்டும். பாசியும் சிப்பியும் ஏறின கழியைச் சுரண்ட வேண்டும். பச்சை நண்டு மாட்டினால் காலால் அமுக்கிப் பிடித்து, இரண்டு கொடுக்கையும் மடக்கி, சணலால் கட்டி, மிச்ச நூலை அறுக்க வேண்டும். அந்த நேரத்தில் இடது கை நண்டிடம் இருக்கும், கத்தி திறக்க வலது கை ஒன்றுதான் மிச்சம். கெளுத்தி வலையில் சிக்கினால் அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் கண்ணியில் கோத்துக்கொள்ளும். சில சமயம் மீனைக் காப்பாற்ற வலையை அறுப்போம், பெரும்பாலும் வலையைக் காப்பாற்ற முள்ளை உடைப்போம். நடுவில் பசித்தால் ஒரு மடவையைச் செதில் சுரண்டிக் குடலெடுத்து அங்கேயே குழம்பு வைப்பதும் அதே கத்தியால்தான்.

நைனா வைத்திருந்த கத்தி கடையில் வாங்கினது அல்ல. இரும்பு அறுக்கிற மெஷினில் உடைந்துபோன ஆக்ஸா பிளேடு. கையால் அறுக்கிற மெல்லிசு பிளேடு வேறு, இது விரலகலம் தாண்டின மெஷின் பிளேடு. லேத் பட்டறையில் உடைந்த துண்டுகளை ஓரமாகப் போட்டிருப்பார்கள். டீக்காசு கொடுத்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துக் கத்தியாக்குவதை நான் பக்கத்தில் குந்திப் பார்த்திருக்கிறேன். நைனா பல் இருக்கிற பக்கத்தை முதுகாக வைத்துக்கொண்டு, வழவழப்பான பக்கத்தைத் தேய்ப்பார். பல்லை முழுக்க மழிக்கமாட்டார், பிடிக்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை அளவு அப்படியே விடுவார், ஈரக் கயிற்றை இழுத்து அறுக்க. தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருக்கிற தகர டப்பாத் தண்ணீரில் முக்குவார். சுர்ரென்று சத்தம் வரும். சூடு ஏறவிட்டால் விளிம்பு மஞ்சளாகி, ஊதாவாகி, நீலமாகும். சாதாரண எஃகு என்றால் நீலம் ஏறின இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. மெஷின் பிளேடு அந்தச் சூட்டைத் தாங்கக் கூடியது. அறுக்கும்போது ஏறும் சூட்டில் பதம் இழக்கக் கூடாது என்பதற்காகவே அதில் டங்ஸ்டனோ மாலிப்டினமோ சேர்த்திருப்பார்கள். இந்தக் கணக்கெல்லாம் நைனாவுக்குத் தெரியாது. ஆனாலும் முக்குவதை நிறுத்தமாட்டார்.

பிடிக்கு இரண்டு பக்கமும் மூங்கில் பத்தை வைத்து, சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றுவார். மேலே ஆரஞ்சு நிறக் கயிறு ஒரு முழம். கறுப்புப் பிடி வலைக் குவியலுக்குள் விழுந்தால் கண்ணுக்கே படாது, அதனால் அந்த ஆரஞ்சு. கயிற்றின் நுனியில் வலை மிதவை இரண்டு கோத்திருப்பார், தண்ணீரில் விழுந்தால் கத்தி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மிதக்கும். உறை, பி.வி.சி. பைப் துண்டைச் சூடாக்கித் தட்டையாக அமுக்கினது. முனையைக் கூர்மையாக வைக்கமாட்டார். நறுக்கி மொட்டையாக்கிவிடுவார். ஆடுகிற படகில் கூர்முனைக் கத்தி முதலில் குத்துவது பக்கத்தில் இருக்கிறவன் தொடையைத்தான். பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகளும் கயிறு அறுக்க முனை மொட்டையான கத்தியைத்தான் வைத்திருந்தார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அந்தக் கத்திக்கு ஒரு குறை உண்டு. அந்த பிளேடு கடினமானது, கடினமானது எதுவும் வளையாது, ஒடியும். நெம்புகோல்போல வைத்து நெம்பினால் டப்பென்று முறிந்து துண்டு கண்ணில் தெறிக்கும். "நெம்பாத. கத்தி நெம்பறதுக்கு இல்ல" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார். துருவும் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் குடத்துத் தண்ணீரில் அலசி, துண்டில் துடைத்து, ஆயாவின் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தொட்டு அலகில் தடவி வைப்பார். குடிதண்ணீருக்கு வரிசையில் நிற்கிற ஊரில் கத்தி கழுவ ஒரு சொம்பு என்றால் ஆயா திட்டாமல் இருந்ததில்லை. ஆனாலும் அந்தச் சொம்பைக் கொடுத்துவிடுவாள்.

நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்த வருஷம். பெரியப்பா மகன், நாங்கள் பெரியண்ணன் என்று கூப்பிடுகிறவர், முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலில் வலை விட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா எஞ்சினில். நான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன், நைனா முன்பக்கம். படகு ஓட ஓட வலை இறங்கிக்கொண்டிருந்தது. ஈயக்குண்டு கோத்த அடிக்கயிறு ஒரு சுருளாக எழும்பி அண்ணன் கணுக்காலில் மாட்டியது. அவர் கத்துவதற்கு முன்னால் ஆள் படுத்துவிட்டார், இடுப்பு வரை வெளியே, இரண்டு கையும் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு. சித்தப்பா எஞ்சினை நிறுத்திவிட்டார்தான். ஆனால் எஞ்சின் நின்றால் படகு உடனே நிற்காது, இறங்கின வலையின் கனமும் நிற்காது. நைனா என்னைத் தாண்டி வந்தது எனக்குத் தெரியவில்லை. கழுத்துக் கயிற்றிலிருந்து கத்தியை உருவியதும் தெரியவில்லை. கயிறு அறுந்த சத்தம்தான் தெரியும். அண்ணன் கணுக்காலைச் சுற்றி வளையல் போட்டதுபோல் தோல் உரிந்திருந்தது. அந்த அடையாளம் இன்றும் இருக்கிறது.

கரைக்கு வரும் வரை யாரும் பேசவில்லை. வலையை உதறிக் காயப்போடும்போது நைனா சித்தப்பாவிடம் கேட்டார்: "கத்தி சாமான் பெட்டியில இருந்திருந்தா இன்னாடா பண்ணியிருப்போம்?" சித்தப்பாவின் கத்தி பெட்டியில்தான் இருந்தது. நல்ல மடக்குக் கத்தி, காசிமேட்டில் வாங்கினது. அன்றைக்கு மறுநாள் அவரும் கழுத்தில் கயிறு போட்டுக்கொண்டார்.

படகுக்கு மடக்குக் கத்தி எடுத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் மறிப்பது இதனால்தான். நனைந்த கால்சட்டைப் பையில் விரல் நுழையாது. நுழைந்தாலும், உப்பும் மணலும் ஏறின மடக்குக் கத்தியை நகத்தால் பிடித்துத் திறக்க இரண்டு கையும் வேண்டும். தண்ணீரில் இறங்குகிறவனுக்கு உறையோடு கூடின நிலைக்கத்தி, அதுவும் உடம்போடு கட்டினது. மடக்குக் கத்தி கரைக்கு, வீட்டுக்கு, பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்களுக்கு. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

பள்ளிக்கூடம் முடிந்து பொன்னேரிக் கடையில் சேர்ந்தபோது முதலாளி கத்திக் கண்ணாடிப் பெட்டியை என்னிடம் விட்டார். "மீன்காரங்க வருவாங்க, அவங்ககிட்ட பேச உனக்குத்தான் தெரியும்" என்றார். கல்லாவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் வைத்திருப்பார். மடக்குக் கத்தி கேட்டு யார் வந்தாலும், "கைய நனைச்சிட்டுப் புடிச்சுப் பாருங்கண்ணே" என்பார். நான் பார்த்த மிகச் சிறந்த வியாபாரம் அது. உலர்ந்த கையில் எல்லாப் பிடியும் நன்றாகத்தான் இருக்கும். பளபளவென்று பாலிஷ் போட்ட இரும்புப் பிடி ஈரக்கையில் அயிரை மீனாய் வழுக்கும். சொரசொரப்பான பிளாஸ்டிக், ரப்பர், வரி வெட்டின மரம், இவை நிற்கும். பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களும் அடுத்த மாதம் அவரிடம்தான் திரும்பி வந்தார்கள்.

அந்தக் கடையில் நான் கற்றுக்கொண்ட பரிசோதனைகள் சில. கத்தியைத் திறந்து அலகின் நுனியைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். புதுக் கத்தியிலேயே ஆட்டம் இருந்தால் ஆறு மாதத்தில் கழன்றுவிடும். மூடிவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அலகு இரண்டு பக்கத் தகட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் உரசினால் தினமும் கூர் தேயும். திறந்த அலகு பூட்டிக்கொள்கிறதா என்பது முக்கியம். பூட்டு இல்லாத பேனாக்கத்தி பழம் வெட்ட, பென்சில் சீவ, கடிதம் பிரிக்கப் போதும். குத்தி அழுத்துகிற வேலைக்கு அது விரல்மேல் மடங்கும். தையல் போட்ட விரலோடு கடைக்கு வந்து "பூட்டு இருக்கிறதா குடு" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். அப்புறம், மூட்டில் திருகாணி போட்டிருக்கிறதா, ஆணி அடித்து நசுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருகாணி என்றால் கழற்றிக் கழுவலாம். எங்கள் மணலுக்கு அது பெரிய உபகாரம்.

அலகு 3 அங்குலம் இருந்தால் போதும். பெரிய கத்தியைக் கேட்கிற இளவட்டங்களிடம் முதலாளி, "இன்னாத்துக்குப்பா?" என்று மட்டும் கேட்பார். பதில் வராது. மடவைக்கும் கொடுவாவுக்கும் குடலெடுக்க, கட்டைவிரல் தடிமன் கயிறு அறுக்க, 3 அங்குலத்துக்கு மேல் ஒரு வேலையும் இல்லை.

துருப்பிடிக்காத கத்தி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்க்கு எஃகு தேடப் போய் குரோமியம் சேர்ந்த உலோகத்தைக் கண்டார், கத்தி செய்கிறவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. சமையலறையில் அந்தப் படலம் ஆயுசுக்கும் நிற்கும். உப்புத் தண்ணீரில் இருக்கிற குளோரைடு அந்தப் படலத்தையே புள்ளி புள்ளியாகத் துளைக்கும். ஸ்டெயின்லெஸ் கத்தியில் ஊசி குத்தினதுபோல் கறுப்புக் குழிகள் விழுவது அதனால்தான். ஆகவே ஏரிக்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ் என்றால் துருப்பிடிக்காதது என்று பொருள் இல்லை, மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். நல்ல தண்ணீரில் அலசித் துடைக்கிறவனிடம் எந்த எஃகும் நீடிக்கும். அலசாதவனுக்கு ஸ்டெயின்லெஸ்தான் கொஞ்சமாவது மன்னிக்கும்.

மல்ட்டி டூல் எங்கள் ஊருக்கு வளைகுடாவிலிருந்து வந்தது. அத்தை மகன் குவைத்திலிருந்து வரும்போது ஒன்று கொண்டுவந்தார். கொறடு, கத்தி, ரம்பம், திருப்புளி, டப்பா திறப்பான், சின்னக் கத்தரிக்கோல், எல்லாம் ஒரு கைக்குள். குப்பத்தில் அதைத் தொட்டுப் பார்க்காத பையன் இல்லை. எந்தக் கம்பெனி என்று அதில் எழுதியிருக்கவில்லை. அவர் அதைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். முதலில் போனது கத்தரிக்கோலின் வில். அடுத்தது ஒவ்வொரு அலகுக்கும் நடுவில் போய் உட்கார்ந்த மீன்செதிலும் சேறும். அந்த இடுக்குகளுக்குள் துணியும் போகாது, விரலும் போகாது. மழைக்காலம் முடிவதற்குள் கொறட்டின் மூட்டு இறுகிப்போய், திறக்க ஒரு கொறடு தேவைப்பட்டது. ஆனாலும் சித்தப்பா அதைத் தூக்கிப் போடவில்லை. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்து, எஞ்சின் ஆயில் விட்டு, மறுபடி ஓடவிட்டார். ஓடியது. அதன்பிறகு அதைப் படகுக்கு எடுத்துப் போகவில்லை, எஞ்சின் வேலை செய்கிற கரைக்கொட்டகையில் தொங்கவிட்டார். அங்கே அது இன்னும் பல வருஷம் உழைத்தது.

கருவி வேலைக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதைத்தான் அந்தப் பொருளின் கதையே சொல்கிறது. ஸ்விட்சர்லாந்தின் கார்ல் எல்ஸனர் 1891இல் அந்நாட்டுப் படைக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கியபோது, சிப்பாய்க்கு வேண்டியது துப்பாக்கியைக் கழற்ற ஒரு திருப்புளியும் டப்பா உணவைத் திறக்க ஒரு திறப்பானும். அதற்காகவே அவை சேர்ந்தன. அமெரிக்காவின் டிம் லெதர்மேன் 1975இல் மனைவியோடு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றினார். வழியெல்லாம் காரும் ஓட்டல் குழாயும் பழுது, கையில் இருந்த கத்தியில் கொறடு இல்லை. அந்தக் குறையிலிருந்து பிறந்த கருவி 1983இல்தான் விற்பனைக்கு வந்தது. இருவரும் தங்கள் வேலைக்கு எது வேண்டும் என்று பார்த்து அதைச் செய்தார்கள். எங்கள் வேலைக்கு வேண்டியதை நாங்கள்தான் பார்க்க வேண்டும். ஏரியில் கொறடு தினமும் வேண்டும், கெளுத்தி முள்ளை உடைக்க, திருக்கை வாலின் முள்ளை ஒடிக்க. டப்பா திறப்பான் ஒருநாளும் வேண்டாம். கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் என்ன வலி என்று குத்துப்பட்டவர்களுக்குத் தெரியும், பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். அதைத் தவிர்க்க ஒரு கொறடு போதும். கடையில் நான் மீன்காரர்களுக்குக் கொடுத்தது ஒரு கட்டிங் பிளேயர், ஒரு திருப்புளி, ஒரு கத்தி. மூன்றும் சேர்ந்து, பெயர்பெற்ற கம்பெனியின் மல்ட்டி டூல் விலையில் ஒரு பங்குகூட வராது. ஒன்று தண்ணீரில் போனால் மற்ற இரண்டும் கையில் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த மடக்குக் கத்தி ஒன்றையும் பார்த்திருக்கிறேன். தை மாதத்தில் பூநாரை பார்க்க வருகிறவர்களும், டச்சுக் கல்லறையைப் பார்க்க வருகிறவர்களும் எங்கள் ஊரில் உண்டு. அப்படி வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் ஆரஞ்சுப் பழம் அறுக்க ஒரு கத்தியை எடுத்தார். மரப்பிடி, ஒரே ஒரு அலகு, மூட்டில் ஒரு வளையம். வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். பிரான்சின் சவாய் மலைப்பக்கத்தில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கின கத்தி, வளையம் 1955இல் வந்தது. விவசாயிகளுக்கான மலிவுக் கத்தி அது. அலகு அவ்வளவு மெல்லிசு, பழத்தின் தோல் ஒரே சுருளாக வந்தது. கேட்டு வாங்கிப் பார்த்தேன். மறுநாள் அவரோடு படகில் போனபோது அது பனியிலும் சாரலிலும் நனைந்தது. மரம் ஊறி உப்பி அலகை இறுக்கிக்கொண்டது. கட்டையில் தட்டித்தான் திறந்தார். மலையில் பிறந்த கத்திக்கு எங்கள் ஏரி ஒத்துக்கொள்ளவில்லை. கரையிலிருக்கிறவர் வாங்கலாம், அதைவிட அழகான எளிய கத்தி எனக்குத் தெரியாது. ஆனால் இங்கே அது ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது.

பெண்களின் கத்தியைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுசாகாது. ஜமீலாபாத் பெண்கள் பனையோலையில் கூடை, பெட்டி முடைவார்கள். ஓலையைக் கீற்றாகக் கிழிக்க அவர்கள் வைத்திருக்கிறது ஒரு விரல் நீளம்கூட இல்லாத சின்னக் கத்தி. கூரில் ஒரு பிசிறு இருந்தாலும் கீற்று கோணலாகும், கோணல் கீற்று கூடையில் தெரியும். மீன் விற்கிற எங்கள் அத்தைக்கு அரிவாள்மனை பெரிய மீனுக்கு, இறால் முதுகைக் கீறி நரம்பு எடுக்க ஒரு பழக்கத்தி, மஞ்சள் பிளாஸ்டிக் பிடி போட்டது. சந்தையில் 50 ரூபாய்க்குள் கிடைக்கும் அந்தக் கத்தியை அவர் நடத்தின விதத்தை நான் எந்த ஆம்பளையிடமும் பார்த்ததில்லை. வியாபாரம் முடிந்ததும் கழுவி, முந்தானையில் ஒற்றி, பழைய கேலண்டர் அட்டையை மடித்துச் செய்த உறைக்குள் போட்டு, சுருக்குப்பைக்குள் வைப்பார். தீட்டுவதற்குக் கல்கூடத் தேடமாட்டார். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடிவட்டத்தில் பூச்சு இல்லாத சொரசொரப்பு இருக்கும், அதில் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு இழுப்பு. தக்காளித் தோலில் வைத்தால் தானாக இறங்கும்.

தீட்டுவது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், கம்பெனியைக் கேட்கிறார்கள். வீட்டில் கல் இருக்கிறதா என்று நான் கேட்டால் முழிக்கிறார்கள். மழுங்கின கத்திதான் கையை வெட்டும், ஏனென்றால் அதை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தினால் வழுக்குகிறது. ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்பும் உள்ள கல் ஒன்று, நனைத்து, அலகைக் கல்லோடு சாய்த்து, கோணம் மாறாமல் இழுத்தால் போதும். விளிம்பின் மறுபக்கத்தில் நகத்துக்குப் பிசிறு தட்டும் வரை ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம், கடைசியாகப் பழைய பெல்ட்டின் தோலில் நாலு தடவை. கத்திக்குச் செலவழிக்கிற காசில் பாதியைக் கல்லுக்குக் கொடுங்கள் என்று முதலாளி சொல்வார். அவர் சொன்ன அந்தக் கணக்கை இன்றும் நான் மாற்றவில்லை.

இப்போது எங்கள் பிள்ளைகள் சென்னைக்குப் படிக்கப் போகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். பையில் கத்தி இருந்தால் போலீஸ் பிடிக்குமா என்று பெற்றவர்கள் கேட்கிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் ஆயுத வகையில் வைக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கும் உண்டு. 3 அங்குலக் கத்தி அதில் வராது. ஆனால் சட்டத்தில் வராதது எல்லாவற்றையும் எல்லா இடத்துக்கும் எடுத்துப் போகலாம் என்று இல்லை. விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, மெட்ரோ வாசலில் எடுத்து வைத்துவிடுவார்கள், கல்லூரி விடுதியிலும் கேள்வி வரும். பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கிற கத்தியை எந்த வேலைக்கும் வாங்கித் தராதீர்கள். மீன் வெட்டவும் அது உதவாது.

ஏரிக்குப் போகிறவருக்கு என் தீர்ப்பு இது. 50 ரூபாயிலிருந்து 150 ரூபாய்க்குள், பிளாஸ்டிக் பிடியோடு ஒரு ஸ்டெயின்லெஸ் நிலைக்கத்தி, பிடி மஞ்சளோ ஆரஞ்சோ. முனையைச் சாணையில் மொட்டையாக்கிக்கொள்ளுங்கள், பைப்பில் உறை செய்யுங்கள், மிதவை கட்டிக் கழுத்தில் போடுங்கள். அதே கத்தி இன்னொன்று வாங்கி எஞ்சின் பக்கத்தில் செருகி வையுங்கள். கரையில் இருப்பவருக்குப் பூட்டுள்ள, திருகாணி மூட்டுள்ள, 3 அங்குல மடக்குக் கத்தி ஒன்று. மல்ட்டி டூல் எஞ்சின் மெக்கானிக் வாங்கட்டும், வாங்குகிறவர் பெயர் தெரிந்த கம்பெனியினுடையதாக வாங்கட்டும். ஃபைபர் படகுகள் வந்தபிறகு வேகம் கூடியிருக்கிறது, வலை இறங்குகிற வேகமும் கூடியிருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஏரிக்கோ கடலுக்கோ போகிற பையன் இருந்தால், நாளைக்குக் காலையில் அவன் கிளம்பும்போது கழுத்தில் கத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள்.